தேர்தலுக்குப் பிறகு பார்க்க

“டிசம்பர் 3, செவ்வாய். மேல்கணக்கு, கடைசி லயம். பின்புறம் மண்ணில் வெடிப்பு. நீளம் என் காலடியில் முப்பத்தொன்று. அகலம் பேனா நுழையும் அளவு. இரண்டு சங்கத்தாரும் இரண்டு காரணம் சொல்கிறார்கள். பதிலளித்தவர் காரணம் சொல்லத் தயங்கினார். வகை: சர்ச்சைக்குரிய கூற்று. தேர்தலுக்குப் பிறகு பார்க்க.”

என் களக்குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் பதிவு இது. ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஆண்டைச் சொன்னால் எந்தத் தோட்டம் என்று பதுளையில் யாரும் சொல்லிவிடுவார்கள். தேதி போடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்டவன் ஒரு எண்ணை மறைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

நம் நிறுவனத்தில் புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கேள்வித்தாள் தயாரிப்பது, மாதிரி எடுப்பது, பதில்களை வகைப்படுத்துவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் நனைந்த தாள்களைச் சுமந்துகொண்டு மலை ஏறினோம். நீங்கள் கையில் ஒரு கண்ணாடிப் பலகையோடு போகிறீர்கள். அந்தப் பதிவின் கடைசி மூன்று சொற்களைப் பற்றி மட்டும்தான் நான் உங்களுக்கு ஏதாவது சொல்லமுடியும்.

அந்த ஆய்வு ஊவா மாகாணத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களை ஒப்பிட்டது. அப்புத்தளைப் பக்கம் ஒன்று, மடுல்சீமைப் பக்கம் ஒன்று. மலைநாட்டில் தொழிற்சங்கம்தான் கட்சி. சங்கத்தில் பேர் கொடுத்தவர் யாருக்கு வாக்குப் போடுவார் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைப்பார்கள். அப்புத்தளைத் தோட்டத்தில் ஒரே சங்கம். மடுல்சீமைத் தோட்டத்தின் மேல் பிரிவில், அங்கே பிரிவைக் கணக்கு என்பார்கள், மேல்கணக்கில் இரண்டு சங்கங்கள் ஏறக்குறையச் சரிபாதி. ஒரே கட்சி இருக்கும் இடத்துக்குத் தண்ணீரும் நிலமும் வீதியும் வீடும் கூடுதலாகக் கிடைக்கின்றனவா, போட்டி இருக்கும் இடத்துக்கா? இதுதான் கேள்வி. தேர்தலுக்கு முன்பு ஒரு சுற்று, பின்பு ஒரு சுற்று என்று ஒரே கேள்விகளை இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். இடையில் நாங்கள் எதையும் தொடக்கூடாது. தொட்டால் ஒப்பீடு கெட்டுவிடும்.

சங்கங்களை நாங்கள் அ என்றும் ஆ என்றும் குறித்தோம். இங்கேயும் அப்படியே குறிக்கிறேன்.

அன்னலெட்சுமி கொழுந்து பறிப்பவர். அப்போது நாற்பத்திரண்டு வயது. கணவர் ராமையா கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. தேயிலைச் செடியைத் தரித்துவிடும் வேலைதான் கவ்வாத்து. ஒரே மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயம்; கடைசி லயத்தின் கடைசிக் காம்பரா, கடைசி அறை, இவர்களுடையது. நான் போன அன்று இருவரும் வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்தச் சங்கம்?” என்று என் கேள்வித்தாளின் ஆறாம் கேள்வியைக் கேட்டேன்.

“யாரக் கேக்கிறீங்க?” என்றார் ராமையா.

“வீட்டுக்குக் கேக்கிறேன்.”

“வீட்டுக்கு ஒண்ணு இல்லீங்க சார். நான் அந்தச் சங்கம், இவ இந்தச் சங்கம்.”

“ஏன் அப்படி?”

“கல்யாணத்துக்கு மொத வருசமே பேசி முடிவு பண்ணதுதான்” என்றார் அன்னலெட்சுமி. “தகரம் குடுத்தா அவரு சங்கத்துல குடுப்பாங்க, தண்ணித் தொட்டி குடுத்தா எஞ் சங்கத்துல குடுப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா மறு பக்கம் வர்ற நாள்ல கூரை ஒழுகும்ல.”

“கூட்டத்துல எதிரெதிரா நிப்போம்” என்றார் ராமையா. “இவ கையத் தூக்கினா நான் எறக்கணும். அங்க பாத்தா பாக்காத மாதிரிப் போயிருவா சார். வீட்டுக்கு வந்துதான் பேசுவா.”

“வீட்டுக்கு வந்தும் இவரு பேச மாட்டாரு. கேட்டுக்கிட்டு இருக்கணும்.”

மேல்கணக்கில் பாதி வீடுகள் இப்படித்தான் என்பதை அதற்கடுத்த வாரம்தான் கண்டுகொண்டேன். சரிபாதி என்று நாங்கள் குறித்துவைத்தது இரண்டு முகாம்களை அல்ல. ஒவ்வொரு வீடும் இரண்டாகப் பங்கிட்டுக்கொண்ட எச்சரிக்கையை. என் கேள்வித்தாளில் வீட்டுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் ‘கலப்பு’ என்று எழுதினேன்.

பிறகுதான் அன்னலெட்சுமி பின்புறம் வரச் சொன்னார். லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை செங்குத்தாக ஏறுகிறது. மேலே அ சங்கத்தின் ஆள் அமைச்சரிடம் கேட்டு வாங்கிக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. அதற்குச் சற்றுக் கீழே ஆ சங்கத்தின் ஆள் மாகாண சபைப் பக்கமாக வாங்கி வெட்டிய மண் வீதி. இரண்டுக்கும் நடுவே, மலைக்குக் குறுக்கே, புல்லுக்குள் ஒரு கோடு. அதன் இரு கரையிலும் கவ்வாத்துக் குச்சிகளை எதிரெதிராக நட்டு வைத்திருந்தார்.

“இது எப்பயிருந்துங்க? தொட்டி கட்டின பொறகா, ரோடு வெட்டின பொறகா?”

“அது தெரியலைங்க சார்.”

“தொட்டி ஒழுகுதுன்னு ஆ சங்கத்துல சொல்றாங்க. ரோடு வெட்டினதாலன்னு அ சங்கத்துல சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“மழை பேஞ்சா பெருசாகுது. அதான் தெரியும். மலையிலருந்து பீலியில விழுற தண்ணியும் கலங்கி வருது, மழை இல்லாத நாள்லயும். குச்சியப் பாருங்க, நட்டப்ப நேரா இருந்திச்சி.”

நான் குச்சியைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். கீழ்க்கரைக் குச்சி சாய்ந்திருந்தது. ஆனால் என் மனம் முழுவதும் தொட்டியிலும் வீதியிலும் இருந்தது. ஒரே மலையில் இரண்டு கட்சிகள் இரண்டு கொடைகளை வைத்துவிட்டு, நடுவில் விழுந்த வெடிப்புக்கு ஒன்றை ஒன்று குற்றம் சொல்கின்றன. எங்கள் ஆய்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? ‘தெரியலை’ என்று அந்த அம்மா சொன்னதை, சங்கத்துக்குப் பயந்து மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் ‘காரணம் சொல்லத் தயங்கினார்’ என்று எழுதினேன். அவர் தயங்கவே இல்லை. தெரியாததைத் தெரியாது என்றார். தெரிந்ததை அளந்து காட்டினார். அந்த மலையில் அன்று ஒழுங்காக ஆய்வு செய்தவர் அவர்தான்.

அதே மாதம் 16, திங்கட்கிழமை. பதுளையில் எங்கள் அலுவலகம் அப்போது கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. காலை பதினொரு மணிக்கு அன்னலெட்சுமி படியேறி வந்தார். பசறை வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

“இன்னைக்கிப் பேர் போச்சு சார்” என்று சிரித்தார். ஒரு நாள் வேலைக்குப் பெயர் பதியாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. “வந்துட்டேன். போன தடவ ஒங்க பேனா நொழைஞ்சிச்சி. இப்ப எங் கையி நொழையுது.”

கையைக் காட்டினார். மணிக்கட்டுவரை சேறு காய்ந்திருந்தது. காட்டுவதற்காகவே கழுவாமல் வந்திருக்கிறார் என்று பிறகுதான் தோன்றியது.

பையிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பித் தாளை எடுத்தார். தமிழில் எழுதியிருந்தது. “அவருதான் எழுதினாரு. அவரு கையெழுத்து நல்லா இருக்கும். இத நீங்க சிங்களத்துல எழுதி, ஒங்க பேர் அச்சடிச்ச தாள்ல, மண்சரிவு பாக்கிற ஆப்பீசுக்கு அனுப்பிக் குடுக்கணும்.”

“நீங்களே அனுப்பலாமேம்மா?”

“நாங்க அனுப்பினா எந்தச் சங்கம்னு கேக்கிறாங்க சார். தோட்டத்துத் தொரைக்கிட்டச் சொன்னோம், சங்கத் தலைவர் மூலமா வான்னாரு. தலைவர்கிட்டப் போனேன்.”

“என்ன சொன்னார்?”

“‘நீ இந்தப் பக்கம், ஒம் புருசன் அந்தப் பக்கம், வெடிப்பு எந்தப் பக்கம்?’னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்திருச்சி. ஆனா கடுதாசி போகல.”

தலைவர் கெட்டவர் இல்லை. வெடிப்பு உண்டு என்று அவர் கடிதம் எழுதினால், தொட்டி ஒழுகியது என்று மறுபக்கம் மேடையில் பேசும். மறுபக்கத் தலைவர் எழுதினால் வீதி வெட்டியது தப்பு என்று இவர்கள் பேசுவார்கள். தேர்தலுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அதனால் இரண்டு சங்கத்துக்கும் நடுவில் நிற்பவர்கள் என்று அன்னலெட்சுமி எங்களைத் தேடி வந்தார். நாங்கள் நடுவில் நின்றோம் என்பது உண்மைதான்.

அவரை வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆய்வை நடத்திய பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் அவர். களத்தில் யாரையும் ‘நீ’ என்று பேசாதே, குடிக்கத் தந்ததை வேண்டாம் என்று சொல்லாதே, இவை இரண்டும் அவர் சொல்லித் தந்தவை.

“உங்கள் வருத்தம் புரிகிறது” என்றார். “ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் கடிதத்தின் பேரில் அதிகாரிகள் மேல்கணக்குக்குப் போனால் இரண்டு சங்கமும் அதைத் தன் வெற்றி என்று சொல்லும். அப்புத்தளைக்கு நாம் அப்படி ஒன்றும் செய்யவில்லை. பிறகு இரண்டாம் சுற்றில் எதை எதோடு ஒப்பிடுவது? நான்கு வாரம்தானே. தேர்தல் முடிந்த மறுநாள் எழுதிக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.”

அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. அவர் பேசி முடிப்பதற்கு முன்பே என் தலை ஆடிவிட்டது. அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். அதைக் கேட்பதற்காகவே தொலைபேசியை எடுத்தேன். அவரைக் கேட்காமல் எழுதியிருந்தால் பத்து நிமிட வேலை. என் சிங்களம் நல்ல சிங்களம். பதுளைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு அது வராமல் போகாது.

வெளியே வந்து சொன்னேன். “தேர்தல் முடியட்டும்மா. மறுநாளே எழுதித் தர்றேன்.”

“தேர்தலுக்கும் மழைக்கும் ஏதும் சம்பந்தம் இருக்குங்களா சார்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. படித்தவர்கள் சொல்கிறார்கள், தனக்குத் தெரியாத சம்பந்தம் ஏதோ இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் கேட்டார். ‘இப்போது எழுதினால் இரண்டு பக்கமும் அரசியலாக்கிவிடுவார்கள்’ என்று ஏதோ சொன்னேன்.

“சரிங்க” என்று எழுந்தார். தாளை எடுக்கக் கை நீட்டினார்.

அப்போது செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன். “இது இங்கே இருக்கட்டும்மா, கோப்பில் வைக்கிறேன்” என்றேன். ஒரு குடும்பம், இரண்டு சங்கம், ஒரே கடிதம். ஆ சங்கத்துக் கணவர் எழுத, அ சங்கத்து மனைவி சுமந்து வந்தது. இரண்டு தோட்டத்திலும் நான் கண்ட ஆவணங்களில் இரண்டு கட்சியும் சேர்ந்த ஆவணம் அது ஒன்றுதான். விட மனம் வரவில்லை. கீழே பிரதி எடுக்கும் கடை இருந்தது. அன்று மின்சாரம் இல்லை. மின்சாரம் வரும்வரை காத்திருந்து பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தை அவரிடம் கொடுத்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. அதையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அவர் மறுக்கவில்லை. கடிதத்தை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்றால் அது எங்கோ போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொடுத்துவிட்டுப் போனார். அது கோப்புக்குள் போயிற்று. ஒரு எண்ணும் கொடுத்தேன்.

நீங்கள் கற்பீர்கள், நாங்களும் கற்றோம்: ஆய்வாளன் பக்கம் சாயக்கூடாது, ஆய்வு செய்யும் இடத்தில் கை வைக்கக்கூடாது. அந்த விதி தவறென்று இன்றும் நான் சொல்லவில்லை. சங்கத் தகராறில் தலையிட்டுப் பேரைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வெடிப்பை இரண்டு கட்சி இரண்டு விதமாகச் சொல்வதால் அது கட்சி விஷயம் ஆகிவிடாது. அதன் காரணம்தான் சர்ச்சை. வெடிப்பு சர்ச்சை அல்ல. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டேன். எழுதியதும் அது தன் அவசரத்தை இழந்துவிட்டது.

கிறிஸ்மஸ் முடிந்து மழை பிடித்தது. மடுல்சீமைப் பக்கம் அந்த மாதங்களில் மழை பெய்வது புதிதல்ல. ஜனவரி 3, வெள்ளி அன்று என் குறிப்பு: “மூன்றாம் நாள் மழை. மேல்கணக்கு?” அந்தக் கேள்விக்குறிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த பதிவு 6, திங்கள், மாலை நான்கு மணி: “மேல்கணக்கில் மலை இறங்கிவிட்டதாகப் பசறையிலிருந்து செய்தி.”

பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தது. கொழுந்து நிறுத்து முடியாத நேரம். பறிப்பவர்கள் எல்லாரும் எதிர்மலையில் நின்று பார்த்திருக்கிறார்கள். கடைசி லயமும் அதற்கு முந்திய லயத்தில் பாதியும் போயின. அந்த நேரம் லயத்தில் இருந்தவர்கள் நோயாளிகளும் வயதானவர்களும். இறந்தவர்களின் எண்ணிக்கையை இங்கே எழுதவில்லை. இரண்டு அலுவலகங்களில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ராமையாவுக்கு நான்கு நாட்களுக்கு முன் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டிருந்தது. கட்டுப்போட்டுக்கொண்டு காம்பராவில் படுத்திருந்தார்.

நான் உடனே போகவில்லை. வீதி அடைபட்டிருந்தது என்று சொல்லலாம். அது உண்மைதான், இரண்டு நாளுக்கு. பிறகு போகாததற்கு வீதி காரணம் இல்லை.

மிஞ்சியவர்களைத் தோட்டப் பாடசாலையில் தங்க வைத்திருந்தார்கள். பாடசாலைதான் வாக்குச் சாவடியும். அதனால் வெள்ளிக்கிழமை அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றி, சனிக்கிழமை வாக்கெடுப்பு நடத்தி, அன்று மாலையே பழையபடி பாடசாலைக்குக் கொண்டுவந்தார்கள். வாக்குப் போடும் வரிசையில் முகாமில் இருந்தவர்களும் நின்றார்கள். இரண்டு சங்கத்தின் ஆட்களும் அரிசியும் துணியும் கொண்டு வந்தார்கள். அவை இரண்டு மூலைகளில் தனித்தனியாகக் குவிக்கப்பட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 12, நான் போனேன். மூன்றாம் வகுப்பு அறையில் கரும்பலகைக்குக் கீழே அன்னலெட்சுமி உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தார். எழவேண்டாம் என்றேன். எழுந்து, மாணவர் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

“ஒக்காருங்க சார். டீத் தண்ணி இருக்கு, சீனிதான் இல்ல.”

உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று வழிநெடுக யோசித்து வைத்திருந்தேன். அவர்தான் பேசினார்.

“தேர்தல் முடிஞ்சிருச்சி சார். இப்ப எழுதலாங்களா?”

குரலை உயர்த்தவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. அது குத்தலா, அல்லது வாக்குக் கொடுத்தவனிடம் அந்த நாளில் கேட்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேநீரை ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “அந்தக் கடுதாசி இருக்குங்களா?”

“இருக்கும்மா. பத்திரமா இருக்கு.”

“அதக் குடுத்திருங்க சார். அவரு எழுதினது வேற ஒண்ணும் இல்ல. ஐடென்டி கார்டுகூட உள்ளதான் போச்சு. போட்டோ மகள்ட்ட ஒண்ணு இருக்கு. எழுத்து அது ஒண்ணுதான்.”

நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றேன். இரண்டாவது வாக்கு.

அந்தத் தாள் பதுளையில் இல்லை என்பது திரும்பி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதல் சுற்று ஆவணங்களை ஆண்டு முடிவில் கொழும்புக்கு அனுப்பியிருந்தோம். தொலைபேசியில் கேட்டேன். ஆவணங்கள் பெட்டியில் முத்திரையிடப்பட்டுவிட்டன என்றார்கள். அதில் மேல்கணக்கு மக்கள் அனைவரின் பெயரும் சங்கமும் இருக்கின்றன. பதிலளித்தவர்களைப் பாதுகாக்கும் விதிப்படி ஆய்வுக்குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் திறக்கக்கூடாது. ‘கடிதத்தை எழுதியவர் இறந்துவிட்டார், கேட்பவர் அவர் மனைவி’ என்றேன். அப்படியானால் அவர் மனைவிதான் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். சான்று மண்ணுக்குள் இருந்தது. புதிய பிரதி எடுத்துக் கொடுப்பதற்குள் ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் குழு கலைந்துவிட்டது. அனுமதி தர ஆள் இல்லை.

இதற்கிடையில் இரண்டாம் சுற்றுக்கு முன் கொழும்பில் ஒரு கூட்டம். மேல்கணக்கை ஒப்பீட்டில் வைத்திருப்பதா, நீக்குவதா? பேராசிரியர் முதல் சுற்றுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. பிறகு மேசையின் மறுமுனையில் இருந்த ஒருவர், அனர்த்தத்துக்குப் பின் கட்சிகள் எப்படி உதவியைப் பங்கிடுகின்றன என்று பார்க்க இது அரிய வாய்ப்பு என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. கேள்வித்தாளில் நான்கு கேள்விகள் கூட்டினோம். நானே போய்க் கேட்டேன்.

அறிக்கை நன்றாக வந்தது. பாராட்டினார்கள். ஒரே சங்கம் இருந்த அப்புத்தளையிலும் இரண்டு சங்கம் இருந்த மேல்கணக்கிலும் தொட்டியும் தகரமும் வந்தன, வீதி வந்தது. நிலம் மட்டும் இரண்டிலும் வரவில்லை. காலடி மண் அரசுடையது, அதைக் குத்தகைக்கு வைத்திருப்பது தோட்டக் கம்பனி, லயத்தில் இருப்பவருக்கு அதில் உரிமை இல்லை. எந்தக் கட்சியும் தன் ஆளுக்கு ஒரு துண்டுப் பாதுகாப்பான நிலத்தைக் காட்டி ‘இங்கே கட்டு’ என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் எந்தக் கட்சியும் இல்லை, அல்லது அந்த இடத்துக்குப் போக எதற்கும் அவசரம் இல்லை. இந்த முடிவுக்கு வர ஒப்பீடே தேவைப்பட்டிருக்காது. அடிக்குறிப்பு ஒன்று இருக்கிறது: ‘ஆய்வுக் காலத்தில் இப்பிரிவு மண்சரிவால் பாதிக்கப்பட்டது.’

அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதாமல் இருந்ததில்லை. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சுவர் வெடித்திருந்ததைக் கண்டு, யாரையும் கேட்காமல் அன்றே எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், ஒவ்வொரு கதவிலும் வெளியேறும்படி சிவப்பு எழுத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கே போவது என்று அறிவித்தலில் இல்லை. மக்கள் மூன்று வாரம் பாடசாலையில் இருந்துவிட்டு அதே லயத்துக்குத் திரும்பினார்கள். அடுத்த தடவை போனபோது அறிவித்தலின் மேல் புதுவருட நாட்காட்டி தொங்கியது. ஆகவே கடிதம் எழுதியிருந்தால் ராமையா பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. எழுதியிருந்தால் அவர் கதவிலும் ஒரு சிவப்புத் தாள் இருந்திருக்கும். மலை அந்த வெடிப்பிலிருந்துதான் இறங்கியதா என்பதிலும் அளந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எழுதாததற்கு இவை ஒன்றும் காரணம் ஆகாது. அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். காரணம் சர்ச்சையாக இருந்தால் அதைக் காரணத்தின் கட்டத்தில் எழுதுங்கள். கண்ணால் கண்டதை வேறு கட்டத்தில் எழுதி, அன்றே உரியவரிடம் கொடுங்கள். ஒப்பீடு கெட்டால் கெடட்டும். எந்த மனிதரிடமிருந்தும் மூலப்பிரதியை வாங்காதீர்கள். இவ்வளவுதான். இதை நீங்கள் கடைப்பிடித்தாலும் எதுவும் மாறும் என்று நம்பிக்கையோடு சொல்ல என்னால் முடியவில்லை. இருபத்தாறு வருட வேலையில் சேர்த்த குறிப்பேடுகள் வீட்டில் இரண்டு அலுமாரி. அவற்றில் ஒரு வெடிப்பாவது மூடியதாகப் பதிவு இல்லை.

அன்னலெட்சுமி இப்போதும் அதே தோட்டத்தில், கீழ்க்கணக்கில் இருக்கிறார். தற்காலிகக் கொட்டில் என்று கொடுத்தது. அதற்கு இரண்டு தடவை தகரம் மாற்றிவிட்டார்கள். அவர் சங்கம் ஒரு தடவை, ராமையாவின் சங்கம் ஒரு தடவை. ராமையாவின் சங்கத்தில் அவர் இடத்தில் இப்போது மகளின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் அன்று காலை எனக்குத் தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்பார். பிறகு, வைப்பதற்கு முன், “பொட்டியத் தொறந்தாங்களா சார்?” என்பார். இல்லை என்பேன். “சரிங்க, மெதுவாப் பாருங்க” என்பார்.

கடிதத்தின் வாசகம் என்னிடம் இருக்கிறது. டிசம்பர் 16 அன்று மாலையே குறிப்பேட்டில் படியெடுத்திருந்தேன். ஏழு வரி. “ஐயா அவர்களுக்கு, எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து வருகிறது. நாங்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வந்து பார்த்தால் போதும்” என்று தொடங்குகிறது. ஒரு தடவை அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “இது நீங்க வாசிக்கிறது சார். எனக்கு அவரு எழுதினது வேணும்” என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்தப் பெட்டியைக் கேட்கும் உரிமை எனக்கு இனி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. நிறுவனம் இதற்குள் இரண்டு தடவை கட்டடம் மாறிவிட்டது. இரண்டாவது மாற்றத்தில் நனைந்த பெட்டிகள் சில கழிக்கப்பட்டன என்று காவலாளி சொன்னார். எவை என்று அவருக்குத் தெரியவில்லை. மேல்கணக்கு முதல் சுற்று, பெட்டி எண் 14, உறை 9, நீலக்கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்று. அது அங்கே இருக்கிறதா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.